சட்டிக்குக் காது கொடுக்கும் நாணய்யா

ஸ்க்ரூ முடுக்கும் நீண்ட திருப்புளியின் முனையை மண்சட்டியின் வயிற்றில் வைத்து, மரப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு நாணய்யா மூச்சை அடக்குகிறார். சட்டிக்குள் பன்றியின் தோள்பட்டைக் கறி வெந்துகொண்டிருக்கிறது. ஓடும் மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் இப்படிச் செய்வதுண்டு. கறி வெந்ததா என்று பார்க்க இதைச் செய்கிறவர் குடகு முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"இன்னும் தண்ணிச் சத்தம்தான்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு ஒரு காப்பிச் செடிக் கம்பை அடுப்புக்குள் தள்ளுகிறார்.

"என்ன சொல்லுது உங்க பன்னி?" என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி பொள்ளம்மாவின் குரல் வருகிறது.

"இன்னும் நேரம் ஆகுமாம்."

"அதுக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலையே!"

கோணிகொப்பலில் பொன்னம்பேட்டைக்குப் பிரியும் சாலையில் அவருடைய பட்டறை இருக்கிறது. காப்பி பூக்கும் பருவத்தில் வானம் கைவிட்டுவிட்டால் தோட்டக்காரர்கள் எல்லோரும் பழுதான பம்பைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் ஓடிவருவார்கள். அப்போது இவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. மழை பிடித்துவிட்டால் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார், காதில் ஒரு பென்சில் இருக்கும், வாயில் வார்த்தை இருக்காது. "என்ன கோளாறுன்னா அண்ணே..." என்று யாராவது ஆரம்பித்தால், "நீ சொல்லாத. அது சொல்லட்டும்," என்று மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொல்வார். செத்துப்போன பேரிங்குகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "எப்படிச் செத்துச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்பார்.

இப்படிப்பட்டவர் அடுப்படிக்கு வந்தது இந்த மழைக்காலத்தில்தான். அதுவரை அவருக்கு அங்கே வேலையும் இல்லை, அனுமதியும் இல்லை. பொள்ளம்மாவின் பன்றிக்கறிக்கு ஊரில் அப்படி ஒரு பெயர். கல்யாண வீட்டில் வயிறு முட்டத் தின்றவர்கள்கூட, "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பொள்ளம்மா கை இல்ல," என்று சொல்லாமல் கைகழுவ மாட்டார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவள் கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனி மழையில் பாசி பிடித்துக் கிடந்த காப்பிக் களத்தில் கோழியை விரட்டப் போனவள் வழுக்கி விழுந்தாள். மைசூர் ஆஸ்பத்திரியில் இடுப்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், படி மட்டும் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். பின்கட்டு விறகடுப்புக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். கேஸ் அடுப்பில் பன்றிக்கறி வைப்பதைப் பொள்ளம்மா சமையலாகவே ஒப்புக்கொள்வதில்லை.

இடுப்பைவிட அவளுக்கு அதிகம் வலித்தது கைல்பொழுது. நடவு முடிந்து, துப்பாக்கிகளுக்குச் செங்காந்தள் பூச்சூட்டிக் கும்பிடும் பண்டிகை அது. தங்கள் வீட்டில் கும்பிட்டு முடித்த கையோடு அவளுடைய அண்ணனும் இரண்டு தம்பிகளும் குடும்பத்தோடு இங்கே வந்துவிடுவார்கள். பாகம் பிரித்ததிலிருந்து தம்பிகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆண்டில் அந்த ஒருவேளைதான் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், அதுவும் அக்காள் கறிக்காக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பொள்ளம்மா சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் யாரும் வர வேண்டாம்னு பெள்ளியண்ணனுக்கு போன் பண்ணிடுங்க."

"நான் வைக்கறேன்."

"எதை?"

"கறியை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கூடப்பொறந்தவங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?"

"உன் நாக்குக்கு ஒருநாள் சரியா வந்துட்டா, வரச் சொல்லலாமா?"

"வந்தாத்தானே!" என்றாள் அவள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார் நாணய்யா.

அவருக்கு இதில் வீம்பு ஒன்றும் இல்லை. யாரும் வர வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவள் சத்தம் குறைந்துபோயிருந்தது. கோழியைத் திட்டுவதில்லை, ரேடியோவைத் திட்டுவதில்லை, அவரையே அளவாகத்தான் திட்டினாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

முதலில் செய்முறையைக் கேட்டார். கட்டிலில் சாய்ந்தபடியே ஒப்பித்தாள். "தோலோட, கொழுப்போட தோள்பட்டையா வாங்கணும். கழுவி, மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு போட்டுப் பிசறணும். வெங்காயம், இஞ்சி, பூண்டைத் தட்டிப் போட்டு வேக விடணும். கறுக்க வறுத்து இடிச்ச பொடியைப் போடணும். கடைசியா கச்சம்புளி. முடிஞ்சுது."

"வேக விடறதுன்னா எவ்வளவு நேரம்?"

"வேகற வரைக்கும்."

"வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"கறுக்கன்னா எவ்வளவு கறுப்பு?"

"அய்யோ! உங்கம்மாகூட என்னை இப்படிக் குடைஞ்சதில்ல!"

அவள் ஒளிக்கிறாளா, அல்லது அவளுக்கே தெரியாதா? நாணய்யா இதை வெகுநேரம் யோசித்தார். பம்பைக் கொண்டுவருகிறவர்களில் பொய் சொல்கிறவர்கள் சிலர் உண்டு. தினமும் செய்வதைச் செய்கிறோம் என்றே தெரியாதவர்கள் அவர்களைவிட அதிகம். இவள் இரண்டாவது ரகம் என்று அவருக்குப் பட்டது. ஏதோ ஒன்றை விட்டுவிட்டுச் சொல்கிறாள். அது என்ன?

முதல் ஞாயிற்றுக்கிழமை குக்கரில் வைத்தார். மூன்றாவது விசிலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "விசில் ஊதிக் கிளப்ப அது என்ன பஸ்ஸா?" அன்றோடு குக்கர் பரணுக்கு ஏறியது. அடுத்த வாரம் மண்சட்டியில் வைத்து, ருசி நன்றாக ஏறட்டும் என்று கச்சம்புளியை முதலிலேயே ஊற்றிவிட்டார். குடம்புளிப் பழத்தைப் பிழிந்து தார்போல வற்றக் காய்ச்சும் அந்தக் கறுப்புச் சாறு கறியை விறைக்கவைத்துவிட்டது. பொள்ளம்மா ஒரு துண்டை மென்றாள், மென்றாள், கடைசியில் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இதை உங்க பம்புக்கு வாஷராப் போடுங்க." அதற்கடுத்த வாரம், மிளகும் மல்லியும் கடுகும் புகைந்த புகையில் இருமல் தாங்காமல் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வறுத்தார். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தானே தெரியும்! எப்போது கருகியது என்று அவருக்குத் தெரியவில்லை. "கறுக்க வறுக்கச் சொன்னேன். கரியாக்கச் சொல்லல," என்றாள்.

ஒவ்வொரு வாரமும் அவள் ஒரு வாய் எடுப்பாள். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள். மீதியை அவர்தான் தின்று தீர்க்க வேண்டும். அவரால் முடியாததைப் பக்கத்து வீட்டுப் பூவம்மாவின் நாய் தீர்த்தது. அந்த மழைக்காலத்தில் அந்த நாய் நன்றாகப் பெருத்துப்போனது.

கோளாறு ஒவ்வொன்றாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கச்சம்புளிக்கென்று நீண்ட மூக்குள்ள புது எண்ணெய்க் குப்பி ஒன்றை வாங்கினார். இப்போது சொட்டுச் சொட்டாக, கடைசியில்தான் விடுகிறார். திருப்புளி வந்ததும் அப்போதுதான். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போகிறது, திறக்காவிட்டால் உள்ளே நடப்பது தெரியவில்லை. தொழில் கை கொடுத்தது. தண்ணீர் இருக்கும்வரை சட்டி கொதகொதவென்று பேசுகிறது. தண்ணீர் வற்றிக் கொழுப்பு உருகிக் கறி அதில் வதங்கத் தொடங்கியதும் சத்தம் மெல்லியதாக, சுறுசுறுவென்று மாறுகிறது. பொடி போட அதுதான் நேரம். இதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"வாசம் வந்துடுச்சு," என்றாள். சொல்லிவிட்டு விரலால் ஒரு துண்டை அழுத்திப் பார்த்தாள். "ஆனா தோலும் கறியும் இன்னும் சேரல. வாயில வச்சா தனித்தனியா நிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் வேக வைக்கணுமா?"

"வேக வச்சா நார் நாராப் போயிடும்."

"பின்ன?"

"எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு வரும். அவ்வளவுதான்." இதைச் சொன்னபோது அவள் குரலில் கேலி இல்லை. கிண்ணத்தைத் தள்ளவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. "விடுங்க. பெள்ளியண்ணனுக்கு போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க. கடைசி நேரத்துல சொன்னா மரியாதையா இருக்காது."

"ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கி இருக்கு," என்றார் நாணய்யா.

மறுநாள் மழை சற்று ஓய்ந்தபோது அவர் எச்சில் பாத்திரத்தோடு செம்பருத்தி வேலிக்குப் போனார். நாய் ஏற்கெனவே காத்திருந்தது. பின்னாலேயே பூவம்மாவும் வந்தாள்.

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணே? அவங்க இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமை போகவே மாட்டேங்குது."

நாணய்யா வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். இரண்டடி வைத்ததும் நின்றார். "ஞாயித்துக்கிழமை மட்டுமா?"

"மத்த நாள் அவங்களுக்கு ஏது நேரம்? பன்னிக்கறி வைக்கற அன்னிக்குத்தான் வேலிக்கு வருவாங்க. முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டே வந்து நின்னா, ஊர்க்கதை எல்லாம் முடிச்சு, என் மாமியார் கதையில வந்துதான் நிக்கும்."

"எப்ப வருவா? பொடி போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பூவம்மா அவரை விநோதமாகப் பார்த்தாள். "வாசம் கிளம்பினப்புறம் வருவாங்க. அப்படின்னா பின்னாடிதானே? கச்சம்புளி ஊத்தணும், நேரமாச்சுன்னு சொல்லிட்டு ஓடுவாங்க."

"வரும்போது அடுப்புல விறகு?"

"இழுத்துப் போட்டுட்டுத்தான் வருவாங்க. வெறும் தணல்தான். இல்லன்னா வீடு பத்திக்காதா?"

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"அண்ணே, என் மாமியாருக்கே அரை மணி நேரம் ஆகும்!"

நாணய்யாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷம் அவள் சமையல் என்று நினைத்ததெல்லாம் சட்டிக்கு முன்னால் நின்ற நேரம்தான். சட்டியை விட்டு விலகி நின்ற நேரத்தை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால்தான் ஒப்பிக்கும்போது அதை விட்டுவிட்டாள். தணலின் மேல், மூடி திறக்காமல், கிளறாமல், யாரும் பார்க்காமல் கறி தன் கொழுப்பிலேயே கிடந்து தோலோடு ஒன்றாகிக்கொண்டிருந்தது, அவள் வேலியில் பூவம்மாவின் மாமியாரை வறுத்துக்கொண்டிருந்தபோது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சமைப்பது கஷ்டமாக இல்லை, சமைக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பொடியைப் போட்டார். விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். திருப்புளியை எடுக்கப்போன கையை அடக்கிக்கொண்டு வேலிக்கு நடந்தார். பூவம்மா வந்தாள். இருவரும் நின்றார்கள். பேச ஒன்றும் இல்லை.

"உங்க பம்பு எப்படி ஓடுது?"

"ஓடுதுண்ணே."

"சத்தம் ஏதும்?"

"இல்லண்ணே."

சட்டி அவரை இழுத்தது. ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்துவிட்டார். பிறகு வேறு வழியில்லாமல், "உங்க மாமியார் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அது போதுமானதாக இருந்தது. மாமியார் காப்பித்தூள் டின்னைப் பூட்டி வைத்ததில் ஆரம்பித்தாள் பூவம்மா. மாமியாரின் தங்கை, தங்கையின் மருமகன் என்று கதை கிளைவிட்டது. நாணய்யா முதலில் "ம்" கொட்டினார், பிறகு "அப்படியா சொன்னாங்க?" என்றார், சற்று நேரத்தில், "அந்தப் பயலுக்கு நான் மோட்டார் கட்டிக்கொடுத்து நாளாச்சு, இன்னும் வந்து எடுத்துட்டுப் போகல," என்று தம் பங்குக்கு ஒன்றை எடுத்து விட்டார். பூவம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள். "அக்கா தேவல போலிருக்கே!"

அவரும் சிரித்தார். சிரித்த வேகத்தில், சொல்ல நினைக்காத ஒன்றும் வந்துவிட்டது. "அவ சத்தம் இல்லாத வீடு கரன்ட் போன பட்டறை மாதிரி இருக்கும்மா. உள்ள போகவே பிடிக்கல." பூவம்மா சட்டென்று செம்பருத்தி இலையைக் கிள்ளத் தொடங்கினாள். வேலியைப் பார்த்திருந்த பொள்ளம்மாவின் அறை ஜன்னல் திறந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

தூறல் பிடித்தபோது அடுப்படிக்குத் திரும்பினார். தணல் சாம்பல் பூத்திருந்தது. கச்சம்புளியை விட்டு, ஒரு கொதி வரும்வரை காத்திருந்து, இறக்கினார். கிண்ணத்தில் போட்டபோது துண்டு கரண்டியிலேயே ஆடியது. கடம்புட்டு மட்டும் பூவம்மா கொடுத்தனுப்பியது. அரிசி நொய்யை உருட்டி அவிக்கும் அந்த வேலைக்கு அவர் இன்னும் துணியவில்லை.

பொள்ளம்மா ஒரு துண்டை விண்டாள். விண்ட இடத்தில் தோலும் கொழுப்பும் கறியும் ஒன்றாக வந்தன. வாயில் போட்டு, மெல்லாமல் நாக்கிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நாணய்யா காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"வேலிக்குப் போனீங்களா?"

"போனேன்."

"காப்பித்தூள் டின்னைப் பூட்டின கதை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அது முடியறதுக்குள்ள இறக்கிடக் கூடாது," என்றாள் பொள்ளம்மா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அட, ஆமாங்க! நான் அங்கதான நிப்பேன்! இதை ஒரு வேலைன்னு எவ நினைப்பா?" கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள். மூன்றாவது துண்டுக்குப் பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "பெள்ளியண்ணனுக்கு போனைப் போடுங்க. எல்லாரும் வரட்டும்."

பண்டிகையன்று நாணய்யா விடியலிலேயே எழுந்து பெரிய சட்டியை ஏற்றினார். பொடியை அம்மியில் வைத்து நுணுக்கினார். தணலில் விட்டுவிட்டு வேலிக்குப் போய் நின்றார். அன்றைக்குப் பூவம்மாவுக்கு வீட்டில் வேலை, அதனால் நாயோடு நின்று பேசினார். கும்பிட்டு முடித்ததும் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பியும் பட்டாளக் குரல் போகாத அண்ணன் பெள்ளியப்பா முன்னால் வந்தார், தம்பிகள் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து இலை போட்டதும் இடைவெளி போய்விட்டது. பொள்ளம்மா வாக்கரை ஓரம் தள்ளிவிட்டு மேசையின் முனையில் ராணிபோல் உட்கார்ந்திருந்தாள். நாணய்யா கரண்டியோடு பரிமாறிக்கொண்டு வந்தார்.

அவர் மனதுக்குள் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். யாராவது பாராட்டினால், "எல்லாம் உங்க தங்கச்சி சொல்லிக் கொடுத்ததுதான்," என்று சொல்ல வேண்டும். காலையில் அம்மிக்கு முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

பெள்ளியப்பா முதல் வாய் போட்டதும் கண்ணை மூடினார். சின்னத் தம்பி பெரிய தம்பியைப் பார்த்து, "அக்கா இந்தத் தடவை அசத்திடுச்சு, இல்ல?" என்றான். பெரியவன், "ம்," என்றான். அவர்களுக்குள் அது பெரிய பேச்சு.

"ஏம்மா," என்றார் பெள்ளியப்பா, "இந்த இடுப்போட நீயா அடுப்புல நின்ன?"

நாணய்யா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பின்ன? இவரா வச்சாரு?" என்றாள் பொள்ளம்மா. "இவருக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமான்னு கேளுங்க. எல்லாம் என் கைதான். இன்னொரு துண்டு போட்டுக்கங்கண்ணே."

நாணய்யாவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. மறுகணமே உள்ளுக்குள் ஏதோ பொங்கி வந்தது. பிறத்தியார் வைத்த கறியைத் தன்னுடையது என்று பொள்ளம்மா இதுவரை எந்த வீட்டிலும் சொன்னதில்லை. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பெள்ளியப்பாவின் பார்வை கரண்டிப் பக்கம் போயிற்று. "என்ன மாப்ள, பண்டிகையும் அதுவுமா கையெல்லாம் இப்படிக் கறுப்பா இருக்கு?"

நாணய்யா குனிந்து பார்த்தார். நுணுக்கிய பொடியும் கச்சம்புளியும் விரல் இடுக்கெல்லாம் ஏறியிருந்தன.

"காலையில ஒரு மோட்டார் வந்துச்சு மச்சான். அவசரம்," என்றார். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.